ஹனிபா பாட்டை மற்றவர் பாடும்போது

எங்கள் பகுதியில் 'ஹனிபா பாட்டு' என்பது ஒரு பாடகரின் பாட்டு என்ற பொருளை எப்போதோ தாண்டிவிட்டது. அது ஒரு வகைப் பெயர். கல்யாண வீட்டில் ஒலிபெருக்கி கட்ட வருபவரிடம் "ஹனிபா பாட்டுப் போடுங்க" என்றால், அவர் கைக்கு அகப்பட்ட இஸ்லாமிய கீதம் எதையாவது போடுவார். அது காயல் ஷேக் முகம்மது பாடியதாகக்கூட இருக்கும். கேட்டவரும் மறுப்புச் சொல்ல மாட்டார். ஒரு மனிதரின் பெயர் ஒரு கலைவடிவத்துக்கே பெயராகிவிடுவது எல்லாக் கலைஞருக்கும் வாய்க்கும் பேறன்று.

அந்தக் குரல் 2015 ஏப்ரல் 8 ஆம் திகதி சென்னையில் ஓய்ந்தது. 1925 இல் பிறந்தவர் என்ற கணக்கின்படி 2025 டிசம்பரோடு நூறாண்டும் நிறைந்தது. குரல் ஓய்ந்ததே தவிர பாட்டு ஓயவில்லை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மேடைகளில் வேறு பலர் அந்தப் பாடல்களைப் பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களை நாம் எப்படிக் கேட்பது, எந்த அளவுகோலை வைத்து நல்லது கெட்டது சொல்வது என்ற கேள்வியைத்தான் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன். இது வெறும் ரசனை பற்றிய கேள்வி என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். இதற்கு நாம் சொல்லும் பதிலில் எமது கவிஞர்களின் பெயரும், இனி வரப்போகும் பாடல்களின் கதியும் தங்கியிருக்கின்றன.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள எமது ஊர்களுக்கு இந்தப் பாடல்கள் வந்துசேர்ந்த வழி மூன்று. முதலாவது இலங்கை வானொலி. அதன் முஸ்லிம் நிகழ்ச்சியும், நோன்பு மாதத்து ஸஹர் நேரமும். இரண்டாவது கசெட். மூன்றாவது, கல்யாணம், பெருநாள், கந்தூரி என்று எதற்கும் மரத்தில் கட்டப்பட்ட ஒலிபெருக்கி. என் வயதுக்காரர் யாவரும், அதாவது நாற்பதைத் தாண்டிய தலைமுறையினர், கசெட்டின் பிள்ளைகள். நாடா அறுந்தால் நகப்பூச்சுத் தடவி ஒட்டியவர்கள். சுருள் தளர்ந்தால் பென்சிலைச் செருகிச் சுற்றியவர்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் வந்தபோது கிண்ணியாவிலும் மூதூரிலும் எத்தனையோ வீடுகளில் அந்தக் கசெட்டுகள் சேற்றோடு போயின. எஞ்சியவற்றில் பலவற்றை 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாய்ப் பக்கம் இடம்பெயர்ந்தபோது இழந்தோம். ஆகவே எங்களுக்கு அந்தக் குரல் என்பது இசை மாத்திரமன்று. போன வீடுகளின் சத்தமும் அதுவே. எவராவது அந்தப் பாடலை வேறு குரலில் பாடினால், வீட்டுக்குள் அந்நியர் நுழைந்ததுபோல ஒரு கூச்சம் வருவது இதனால்தான். அந்தக் கூச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் விமர்சனம் அந்த இடத்தில் நின்றுவிடக் கூடாது.

ஹனிபாவின் கலையைச் சரியாக விளங்கிக்கொண்டால்தான் அவர் இடத்தில் நின்று பாடுகிறவரை எடைபோட முடியும். அவர் ஏதோ சங்கீத சபையில் உருவானவரல்லர். நாகூரில் சிறுவனாக இருந்தபோதே பைத்து சபாவில் பாடிப் பழகியவர். பைத்துப் பாடுதல் கூட்டாகப் பாடுவது; ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏந்திப் பாடுவது. தெருவில், ஊர்வலத்தில், திறந்த வெளியில் பாடுவது. அங்கே குரல் தூரம் போக வேண்டும். சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். 'இசைமுரசு' என்று பின்னாளில் அவருக்கு அமைந்த பட்டம் அந்தப் பயிற்சிக்கே பொருத்தமான பெயர். முரசு குழைந்து பேசாது, அறிவிக்கும். திராவிட இயக்க மேடைகளில் தி.மு.க.வின் பிரசாரப் பாடல்களை அவர் பாடியபோதும் அதே முரசுதான் ஒலித்தது. 1961 இல் வெளிவந்த 'பாவ மன்னிப்பு' படத்தில் ரி.எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து பாடிய பாடலில் இரண்டு பெருங்குரல்களும் அருகருகே நிற்பதைக் கேட்கலாம். சௌந்தரராஜனின் குரல் பாத்திரத்துக்குள் இறங்கி நடிக்கிறது. ஹனிபாவின் குரல் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறது.

அவர் கலையின் அடிப்படை இரண்டு. ஒன்று உச்ச சுருதி. மற்றது உச்சரிப்பு. முதலாவதை எல்லாரும் அறிவர். இரண்டாவதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ழகரம், ளகரம், லகரம் மூன்றும் அவர் வாயில் மூன்றாகவே விழும். அடியின் கடைசி எழுத்து காற்றில் கரைந்து போகாது. ஆணி அடித்ததுபோல நிற்கும். எழுத்துத் தெரியாத மூத்தும்மாக்கள்கூட முழுப் பாடலையும் பிழையின்றி ஒப்புவித்தார்கள் என்றால் காரணம் இதுதான். பாடசாலைக்குப் போகாதவர்களுக்கும் அவர் தமிழ்ப் பாடம் நடத்தினார்.

இனி நான் பார்த்த மேடைக்கு வருகிறேன். கிண்ணியாவில் ஒரு திடலில், இஷாத் தொழுகைக்குப் பின்னர் நடந்த இஸ்லாமிய கீத நிகழ்ச்சி அது. கீபோர்ட், தபேலா, ஒக்டபாட், ஓர் ஆர்மோனியம், இரண்டு பாடகர்கள். நிகழ்ச்சி முழுவதும் ஹனிபா பாடிய பாடல்களே. பாடகர்களின் பெயரையும் குழுவின் பெயரையும் இங்கு தவிர்க்கிறேன். அவர்கள் வயிற்றுப்பாட்டுக்கும் ஆசைக்கும் இடையில் நின்று பாடுகிறவர்கள். நான் பேச விரும்புவது அவர்கள் மேற்கொண்ட இரண்டு முறைகளைப் பற்றியே.

மூத்த பாடகர் ஐம்பதை நெருங்கியவர். துருக்கித் தொப்பியும் மேலங்கியுமாக வந்தார். இளம் வயது ஹனிபாவைப் படங்களில் கண்டவர்களுக்கு அந்தத் தோற்றம் உடனே பிடிபட்டது, கைதட்டல் எழுந்தது. முதல் பாட்டை இசைத்தட்டில் உள்ள அதே சுருதியில் எடுத்தார். பல்லவி நன்றாகவே இருந்தது. அந்த மூக்கொலி, அந்த இழுப்பு, சொல்லின் நடுவில் வரும் அந்தச் சிறு அதிர்வு யாவும் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டால் கசெட்தான். ஆனால் சரணத்துக்குப் போனபோது குரல் மேலே ஏற மறுத்தது. ஏற வேண்டிய இடத்தில் ஒலிவாங்கியை வாயோடு ஒட்டிக்கொண்டார். அடுத்து நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. சுருதியைக் காப்பாற்றுவதற்காக அவர் சொல்லைக் கைவிட்டார். ழகரம் போயிற்று, ஈற்றெழுத்துக்கள் விழுங்கப்பட்டன. அரபுச் சொற்களில் வரும் தொண்டை எழுத்துக்கள் வெறும் 'ஹ'வாயின. ஹனிபாவின் குரலைப் போலிருக்க வேண்டும் என்ற ஒரே அக்கறையில், ஹனிபா எதற்காகக் குரல் கொடுத்தாரோ அதையே அவர் இழந்தார். நான்கு பாடல்கள் இவ்வாறு போயின. கைதட்டல் குறையவில்லை. எங்களுக்கு நினைவு தேவைப்பட்டது. அவர் நினைவைத் தந்தார். பாட்டைத் தரவில்லை.

இளைய பாடகர் முப்பதுக்குள் இருப்பார். சாதாரணச் சேர்ட்டோடு வந்து நின்றார். தொப்பியில்லை, பாவனையில்லை. ஆர்மோனியக்காரரிடம் குனிந்து ஏதோ சொன்னார். சுருதி இரண்டு கட்டைக்கு மேல் இறங்கியது. பிறகு 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாடினார். தமிழ் பேசும் எந்தச் சமயத்தவர் வீட்டிலும் அறியப்பட்ட அந்தப் பாடலை இறக்கிப் பாடுவது துணிச்சலான காரியம். தாளத்தையும் சற்றுத் தளர்த்தினார். ஓரிடத்தில் தபேலாவைக் கையமர்த்திவிட்டு ஆர்மோனியத்தோடு மாத்திரம் இரண்டு அடிகளைத் திருப்பிப் பாடினார். ஹனிபா அந்தப் பாட்டைப் பாடும்போது கூட்டத்துக்கு அறிவுரை கூறும் தொனி இருக்கும். கையேந்தச் சொல்கிற குரல் அது. இந்தப் பிள்ளை பாடியபோது கையேந்தி நிற்கிறவனின் குரல் கேட்டது. சொற்கள் மாறவில்லை, மெட்டு மாறவில்லை. பேசுகிறவன் நிற்கும் இடம் மாறிவிட்டது. நூறு தடவை கேட்ட பாட்டில் இப்படி ஓர் அறை இருந்தது என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

குறைகளும் இருந்தன. இரண்டாவது சரணத்தில் மூச்சைத் தவறான இடத்தில் எடுத்து ஒரு சொல்லை இரண்டாக வெட்டினார். ஒக்டபாட் வாசித்தவர் எல்லாப் பாட்டுக்கும் ஒரே சினிமா அடியைப் போட்டார். இடையிசையைக் கசெட்டில் உள்ளபடி அச்சொட்டாக வாசிக்க வேண்டும் என்று கீபோர்ட்காரர் பிடிவாதமாக இருந்ததால், பாடகர் தளர்த்திய தாளத்தோடு அது இழுபட்டது. இருந்தாலும் அன்றிரவு உண்மையில் பாடப்பட்ட பாட்டு அதுதான்.

கூட்டத்தின் தீர்ப்பு வேறாக இருந்தது. பக்கத்திலிருந்த நண்பர், மீன் வியாபாரம் செய்பவர், நல்ல ரசிகர், என் காதருகே சொன்னார்: "சேர், தம்பி நல்லாப் பாடுறார்தான். ஆனா ஹனிபா மாதிரி வரல்லயே." சுற்றிவர இருந்த பலரும் அதையே சொன்னார்கள். மூத்தவருக்குக் கிடைத்த கைதட்டலில் பாதிதான் இளையவருக்குக் கிடைத்தது.

'ஹனிபா மாதிரி' என்ற இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது? என் எண்ணத்தில் அது இசைத்தட்டும் கசெட்டும் தந்தது. ஒலிப்பதிவு வருவதற்கு முன்னர் எமது சமூகத்தில் 'அசல் பாடகர்' என்ற ஒருவர் இருந்ததில்லை. நோன்பு காலத்தில் றபான் அடித்து ஸஹருக்கு எழுப்பி வந்த பாவாமாரை நினைத்துப் பாருங்கள். தகப்பன் தளர்ந்தால் மகன் வந்தான். மகன் இல்லாவிட்டால் மருமகன் வந்தான். "போன வருஷத்து பாவா மாதிரி இல்லையே" என்று எவரும் சோற்றைத் தள்ளிவைக்கவில்லை. மௌலிது ஓதுகிறபோதும் பைத்துப் பாடுகிறபோதும் நல்ல குரலுக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஓதப்படுவது ஒருவருக்கும் சொந்தமில்லை. தாலாட்டு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு குரல். நாட்டார் கவிகளை வயலில் பாடியவர்கள் எத்தனை பேர், யார் முதலில் பாடினார் என்று யாருக்குத் தெரியும்? அந்த மரபில் பாடுகிறவர் யாவருமே வேறொருவருக்குப் பதிலாக வந்தவர்களே.

இதைவிட உயர்ந்த ஒரு செய்தியும் எமது வரலாற்றில் உண்டு. பாங்கையும் பாட்டையும் ஒன்றாக வைக்கிறேன் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். குரலின் பிரிவைப் பற்றி மாத்திரம் பேசுகிறேன். நபிகளார் (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின்னர் பிலால் (ரலி) அவர்களுக்கு மதீனாவில் தொடர்ந்து பாங்கு சொல்ல மனம் இடம் கொடுக்கவில்லை என்றும், அவர்கள் ஷாம் தேசம் சென்றுவிட்டார்கள் என்றும், ஸஃது அல்கரழ் (ரலி) அவர்கள் அந்தப் பணியை ஏற்றார்கள் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பிலாலின் குரலுக்காக மதீனத்து மக்கள் ஏங்கியதும் உண்மை. வேறொரு குரலில் பாங்கு தொடர்ந்து ஒலித்ததும் உண்மை. ஏக்கம் ஒரு பக்கம் இருக்க, அழைப்பு நிற்கவில்லை.

கவ்வாலி மரபு இதையே ஓர் ஒழுங்காக வைத்திருக்கிறது. நுஸ்ரத் பதே அலி கானை உலகமே அறியும். ஆனால் அவரும் வேறொருவர் இடத்தில் வந்து அமர்ந்தவர்தான். தந்தை உஸ்தாத் பதே அலி கான் 1964 இல் காலமானார். அதன்பின் குழு சிறிய தந்தை முபாரக் அலி கானின் தலைமையில் இயங்கியது. அவருக்கும் முடியாமற் போனபோது, 1971 இல் நுஸ்ரத் குழுவின் தலைமையை ஏற்றார். 1997 ஓகஸ்ட் 16 இல் நுஸ்ரத் மறைந்தபோது அவரது சகோதரர் மகன் ராஹத் அந்த இடத்துக்கு வந்தார். ராஹத்தின் குரல் பெரியப்பாவின் குரலைப்போல இடியன்று, மெலிந்தது, இனிமையானது. பெரியப்பாவின் கர்ஜனையை அவர் போலி செய்திருந்தால் இரண்டு வருடத்தில் மறக்கப்பட்டிருப்பார். தன் குரல் போகும் வழியில் பாட்டை எடுத்துப் போனதால் நின்றார்.

எமது நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. சேலத்தில் பிறந்து இலங்கைக்கு வந்த மொஹிதீன் பேக் சிங்கள மக்களின் நெஞ்சில் இடம்பிடித்த பாடகர். ஒரு முஸ்லிமின் குரலில் ஒலிக்கும் பௌத்த பக்திப் பாடல்கள் இன்றும் வெசாக் காலத்தின் அடையாளம். 1991 இல் அவர் மறைந்த பின்னர் மகன் இஷாக் பேக் தந்தையின் பாடல்களை மேடைகளில் பாடினார். மகன் பாடுவதைக் கேட்பவர் தந்தையைத் தேடுவது இயல்பு. ஆனால் அந்தப் பாடல்கள் பேக் குடும்பத்துக்குள் அடங்கிவிடவில்லை. யார் யாரோ பாடுகிறார்கள்.

மேற்கத்திய றொக் இசையிலும் இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. எமது மாணவர்கள் கைபேசியில் கேட்கும் 'குயின்' குழுவின் பாடகர் பிரெடி மெர்க்குரி 1991 நவம்பரில் இறந்தார். சன்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியில் படித்தவர் அவர். பல ஆண்டுகளின் பின்னர் எஞ்சிய இருவர், அடம் லாம்பேர்ட் என்ற இளைஞரோடு மேடையேறினார்கள். லாம்பேர்ட்டுக்கு மெர்க்குரியின் குரல் இல்லை. அதைப் பாவனை செய்யவும் அவர் முனையவில்லை. குழுவின் பெயரைக்கூட 'குயினும் அடம் லாம்பேர்ட்டும்' என்று பிரித்தே போட்டார்கள். ஒரு பாட்டுக்கு மாத்திரம் முதிய கிற்றார் கலைஞர் பிரையன் மே தனியே அமர்ந்து வாசிப்பார், திரையில் மெர்க்குரி தோன்றுவார், கூட்டம் பாடும். இறந்தவருக்கு ஓர் இடம், இருப்பவருக்கு ஓர் இடம். 'ஜேர்னி' என்ற இன்னொரு குழு வேறு வழியில் போயிற்று. தமது பழைய பாடகரைப் போலவே பாடும் ஆர்னெல் பினேடா என்ற பிலிப்பைன்ஸ்காரரை 2007 இல் யூடியூப் காணொளிகளில் கண்டு அழைத்துக்கொண்டார்கள். இரண்டு வழிக்கும் ரசிகர் உண்டு. எனக்கு முதலாவது வழியிலேயே நேர்மை அதிகம் தெரிகிறது. குரல் ஒத்திருப்பது ஒரு வாய்ப்பு. அதையே தகுதியாக வைத்தால், வாய்ப்பு இல்லாத நல்ல பாடகர்கள் எல்லாரும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

'மாதிரி' என்ற ஆசையை அதன் கடைசி எல்லை வரை கொண்டுபோனால் எங்கே போய் நிற்போம் என்பதையும் பார்த்துவிட்டோம். 2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் ஒரு பாடலில் ஏ.ஆர். ரஹ்மான், 2022 இல் மறைந்த பம்பா பாக்யாவின் குரலையும், விபத்தில் மறைந்த ஷாகுல் ஹமீதின் குரலையும் செயற்கை நுண்ணறிவின் மூலம் மீண்டும் ஒலிக்கவைத்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, அவர்களுக்குரிய தொகையையும் கொடுத்ததாக அவர் அறிவித்தார். அந்த ஒழுங்கு பாராட்டுக்குரியது. ஷாகுல் ஹமீதின் குரலை மீண்டும் கேட்டபோது உடம்பு சிலிர்த்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். நாளை ஹனிபாவின் குரலையும் இயந்திரம் தரும். அதே உச்சம், அதே அதிர்வு, மூச்சுத் தவறாமல். 'ஹனிபா மாதிரி' என்ற போட்டியில் எந்த மனிதனும் இயந்திரத்தை வெல்ல முடியாது. கிண்ணியாவில் தொப்பியோடு வந்த அந்த மூத்த பாடகருக்கு அதன்பின் வேலையில்லை. இளையவருக்கு வேலை உண்டு. ஒரு பாட்டுக்குள் இதுவரை எவரும் போகாத அறையைத் திறந்து காட்டுவதற்கு, அந்தப் பாட்டின்மீது ஏதோ ஒரு தேவையோடு நிற்கும் மனிதன் வேண்டும்.

இங்கேதான் கவிஞர்களின் பேச்சு வருகிறது. வகுப்பில் ஒருமுறை 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாடலை எழுதியவர் யார் என்று கேட்டேன். முப்பத்திரண்டு பிள்ளைகளில் இருபதுக்கு மேற்பட்டோர் கையுயர்த்தினர். எல்லாருடைய பதிலும் "ஹனிபா, சேர்" என்பதே. ஆசிரியர் ஓய்வறையில் கேட்டபோதும் பதில் பெரிதாக மாறவில்லை. அதை எழுதியவர் கிளியனூர் அப்துல் ஸலாம். தமிழுலகின் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்த பாட்டு. அதை எழுதியவர் பெயர் அவ்வளவு தூரம் போகவில்லை. நாகூரைச் சேர்ந்த புலவர் ஆபிதீன், கவிஞர் சலீம் முதலியோர் எழுதிய பாடல்களுக்கும் இதே கதிதான். பலமான குரல் ஒன்று பாட்டின்மீது விழும்போது எழுதியவரின் பெயர் நிழலுக்குள் போய்விடுகிறது. இதில் ஹனிபாவைக் குறைகூற எதுவுமில்லை. பாடியவரே ஆக்கியவர் என்று எடுத்துக்கொள்ளும் எமது பழக்கமே காரணம். எமது இலக்கிய வரலாறுகளிலும் சீறாப்புராணத்துக்கு ஓர் அத்தியாயம் உண்டு. இந்தப் பாடல்களுக்கு ஒரு பந்தி கிடைப்பதும் அரிது. மக்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் கவிதை இலக்கியக் கணக்கில் சேராமல் போவது விந்தையான கணக்கு.

இதனால்தான் பதில் பாடகர்களின் வருகையை நான் ஒரு வாய்ப்பாகக் காண்கிறேன். ஒரே குரலோடு ஒட்டியிருந்த பாட்டு வேறு குரலுக்கு வரும்போது, ஒட்டு விடுபட்டு, சொல் தனியே தெரிகிறது. அப்போதுதான் "இதை எழுதியது யார்?" என்ற கேள்வி பிறக்கிறது. கிண்ணியா மேடையில் அறிவிப்பாளர் ஒவ்வொரு பாட்டுக்கும் ஹனிபாவின் பெயரைச் சொன்னார். நிதி உதவியவர்களின் பெயர்களை மும்முறை சொன்னார். கவிஞர் ஒருவரின் பெயரையும் சொல்லவில்லை. ஓர் இரவு முழுவதும் தமிழ்க் கவிதை பாடப்பட்டது. கவிஞர்கள் எவரும் அந்தத் திடலுக்குள் அழைக்கப்படவில்லை. அந்த நிகழ்ச்சியில் எனக்கு மிகவும் உறுத்திய குறை இதுவே.

இன்னொரு பக்கமும் உண்டு. எங்கள் ஊர்ப்புறங்களில் இன்றைக்கும் கீதம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கவிஞர் அண்ணலைத் தந்த மண் கிண்ணியா. அந்த ஊற்று வற்றவில்லை. பாடசாலை மீலாத் விழாவுக்கு, பள்ளிவாசல் திறப்பு விழாவுக்கு என்று எழுதப்படும் பாடல்கள் ஒருமுறை பாடப்பட்டுக் கொப்பிக்குள் உறங்கிவிடுகின்றன. காரணம் கேட்டால் பாடகர்கள் சொல்வது: "சனம் ஹனிபா பாட்டுத்தான் கேட்குது." சனம் அதைக் கேட்பதில் பிழையில்லை. ஆனால் ஹனிபா தம் காலத்தில் செய்தது என்ன? தமக்கு முந்தியவர்களின் இசைத்தட்டைத் திருப்பிப் பாடிக்கொண்டா இருந்தார்? தம் காலத்துக் கவிஞர்களைத் தேடிப்பிடித்து, புதிய பாட்டு வாங்கி, அதற்கு ஊர் ஊராகச் செவிகளைத் தேடிக்கொடுத்தார். அவர் மாதிரி இருக்க விரும்புகிறவர்கள் போலி செய்ய வேண்டிய குணம் இதுதான். தொப்பியும் மூக்கொலியும் எளிதாகக் கிடைப்பவை.

இசைக்கருவி ஆகுமா ஆகாதா என்ற விவாதம் எமது சமூகத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. அதைத் தீர்த்துவைக்கும் தகுதி எனக்கில்லை, அது இக்கட்டுரையின் வேலையுமன்று. கருவியில்லாமல் தப்போடு மாத்திரம் பாடும் இளைஞர் குழுக்கள் வளர்ந்துவருகின்றன. அவர்களும் இந்தப் பாடல்களை எடுத்துப் பாடுகிறார்கள். கீபோர்ட்டின் இரைச்சல் இல்லாதபோது கிளியனூராரின் சொல் இன்னும் துலக்கமாகக் கேட்கிறது என்பதை விமர்சகன் என்ற முறையில் சொல்லியே ஆக வேண்டும். எந்தப் பக்கம் நிற்பவரானாலும், பாடுகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சொல் எமக்கு வந்து சேர்ந்ததா?

ஆகவே மேடை அமைப்பவர்களுக்கும் பாடுகிறவர்களுக்கும் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். இசைத்தட்டின் சுருதியை விட்டுவிட்டு உங்கள் தொண்டைக்கு ஏற்ற சுருதியை எடுங்கள்; இரண்டு கட்டை இறங்குவது மரியாதைக் குறைவன்று, ஈற்றெழுத்தை விழுங்குவதே மரியாதைக் குறைவு. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னரும் எழுதியவர் பெயரைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தேடிச் சொல்லுங்கள். பத்துப் பாட்டுப் பாடினால் பதினோராவதாக உங்கள் ஊர்க் கவிஞர் ஒருவரின் புதிய பாட்டைப் பாடுங்கள். சனம் எழுந்து போகாது, எழுந்து போனாலும் அடுத்த முறை ஒருவராவது இருப்பார். ரசிகர்களான எமக்கும் ஒன்று உண்டு. 'ஹனிபா மாதிரி இல்லை' என்ற வசனத்தைத் தீர்ப்பாக எடுக்காமல், அங்கிருந்து கேட்கத் தொடங்குவோம். மாதிரி இல்லையென்றால் பிறகு எப்படி இருந்தது? எந்தச் சொல் புதிதாகக் கேட்டது? எந்த அடி தவறியது? இவ்வளவையும் கேட்ட பின்னர் கைதட்டுவதா இல்லையா என்று முடிவு செய்வோம்.

ஹனிபாவின் குரல் ஒலிப்பதிவில் இருக்கிறது. அதற்கு எவராலும் குறை வராது. கசெட் போனாலும் கைபேசியில் இருக்கிறது. அதைக் கேட்க விரும்பும்போது கேட்டுக்கொள்ளலாம். மேடையில் ஏறுகிற பிள்ளையிடம் அதையே மறுபடியும் கேட்பது அவனுக்கும் அநியாயம், அந்தப் பாட்டை எழுதியவருக்கும் அநியாயம். அவனிடம் கேட்க வேண்டியது அவன் குரல். அது எப்படியிருக்கும் என்று அவனுக்கே இன்னும் முழுதாகத் தெரியாது. நாம் இருந்து கேட்டால்தான் அவனுக்கும் அது தெரியவரும்.